அச்சில் வராத முதல் பத்தி

பள்ளிக்கூடத்துத் தமிழ்க் கட்டுரையில் "மனித வாழ்வில் நூலகம் இன்றியமையாதது" என்று தொடங்கி மதிப்பெண் வாங்கியவர்கள் எல்லாருமே ஒருவகையில் ஜெயபாரதியின் மாணவர்கள்தான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு நோட்ஸ் பதிப்பகத்தில் அவர் பல வருடம் கட்டுரை எழுதிக்கொடுத்தார். நூலகத்தை எடுத்துவிட்டு மரம், ஒழுக்கம், கணினி என்று எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். அதை முதலாளி மனமாரப் பாராட்டினார். பிள்ளைகள் போனிடமே கட்டுரை கேட்டு வாங்கத் தொடங்கியதும் முதலாளி கடையை மூடினார்.

அதன்பிறகுதான் ஜெயபாரதி, மந்தைவெளியில் தான் குடியிருந்த அடுக்குமாடியின் சங்கக் கூடத்தில் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தார். கட்டுரைக்கு, அதிலும் குறிப்பாக முன்னுரைக்கு. அபாகஸுக்கும் கராத்தேவுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடந்ததால் பெற்றோர் உடனே சேர்த்துவிட்டார்கள்.

முதல் வரியைப் படித்தவர் கையிலிருக்கும் போனைக் கீழே வைக்க வேண்டும் என்று ஜெயபாரதி சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அதைக் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். கொசுவைப் பற்றி எழுதிய அஸ்வின், "இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் அடையாற்றங்கரையில் ஆயிரம் கொசுக்களுக்குத் திருமணம் ஆகிவிடும்" என்று ஆரம்பித்தான். இட்லியால் தமிழ்நாட்டில் தினமும் ஒரு கோடிப் பேர் பாதிக்கப்படுவதாக இன்னொரு பிள்ளை எழுதியது. எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், முதல் வரிக்குத்தானே மிஸ் என்றார்கள்.

ஜெயபாரதிக்குத் தலை சுற்றியது. இது கதை இல்லை, கட்டுரை. எழுதுவதை நீ பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்த்தவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார். அந்த விதி அவரையே எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

குடியிருப்புக்கு வெள்ளிவிழா வந்தது. சங்கச் செயலாளர் பஞ்சாட்சரம் ஆண்டு மலர் போட முடிவு செய்தார். தி.நகரில் ஜவுளிக்கடை, திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர். பிள்ளைகளின் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஜெயபாரதியிடம் கேட்டார். தலைப்பு: எங்கள் குடியிருப்பு. ஏழாம் வகுப்பு ஸஹானா எழுதிக்கொண்டு வந்தாள்.

"எங்கள் குடியிருப்பின் மழைநீர்த் தொட்டிக்குள் தலையில்லாத மூன்று பெண்கள் இருக்கிறார்கள்."

கொசுக்கல்யாணம் மறுபடியும் வந்துவிட்டது என்றுதான் ஜெயபாரதி நினைத்தார்.

"ஸஹானா, விதி என்னம்மா?"

"பாத்துட்டுதான் மிஸ் எழுதினேன். வாங்க, காட்டறேன்."

கார் நிறுத்தத்தின் மூலையில் தொட்டியின் மூடி பாதி திறந்திருந்தது. ஜெயபாரதி போன் விளக்கை அடித்துக் குனிந்தார். மூன்று பேரும் இருந்தார்கள். இடுப்பில் கைவைத்து, ஒயிலாக, கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லாமல். ஒருத்தியின் தோளில் விலைச்சீட்டு தொங்கியது. பஞ்சாட்சரத்தின் கடையில் பட்டுச்சேலை கட்டி நின்ற பொம்மைகள். உடைந்ததும் தூக்கிப்போட மனசில்லாமல் இங்கே இறக்கியிருக்கிறார். மழை பெய்தால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்காமல் தெருவழியே அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கட்டுரையைப் படித்த பஞ்சாட்சரம் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கு டீச்சர். முதல் பத்திய மட்டும் எடுத்துருவோம். மலரு சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போவும்லா."

அதை எடுத்தால் மீதி நிற்காது என்று ஜெயபாரதி வாதாடிப் பார்த்தார். பஞ்சாட்சரத்துக்குப் புரியவில்லை. துணியில் ஒரு முழம் கிழித்தால் மீதியும் துணிதானே என்பது அவர் தொழில் கண்ட உண்மை.

மலர் வந்தது. ஸஹானாவின் கட்டுரை இப்படி ஆரம்பித்தது: "அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. சந்தாவும் கட்டுவதில்லை."

செயலாளர் உரையை ஒருவரும் படிக்கவில்லை. இதைப் படிக்காதவர் இல்லை. சந்தா பாக்கி வைத்திருந்தவர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் தங்களை என்று வருத்தப்பட்டார்கள். கடைசியில் மாடிப்படியில் வைத்து ஸஹானாவையே பிடித்து, யாரும்மா அந்த அவர்கள் என்று கேட்டார்கள். அவள் முதல் பத்தியை அப்படியே ஒப்பித்தாள். அன்று சாயங்காலம் தொட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தை வெள்ளிவிழாவுக்குக்கூடக் கூட்ட முடிந்ததில்லை.

பொம்மைகள் மூன்றும் மினி லாரியில் ஏறி, சாக்குப் போர்த்திக்கொண்டு போயின. தொட்டி துப்புரவானது, ஐப்பசி மழைக்கு முதல் தடவையாக உள்ளே தண்ணீர் இறங்கியது. பராமரிப்பு வேலை நடப்பதாகச் சொல்லி ஜெயபாரதியின் வகுப்புக்குச் சங்கக் கூடத்தைப் பூட்டினார்கள். அவர் தன் வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு வகுப்பைத் தொடர்ந்தார். கூட்டம் இரண்டு மடங்கானது. தன் பையனுக்கும் அதேபோல ஏதாவது தொட்டி ஏற்பாடு செய்ய முடியுமா என்று ஒரு அப்பா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

ஸஹானா முழுக் கட்டுரையையும் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தாள். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "முன்னுரை" என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போடாததால் இரண்டு மதிப்பெண் குறைவு. ஜெயபாரதி அதை வாங்கிப் படித்தார். சிரிப்புதான் வந்தது.

"தலைப்பு போட்டு ஸ்கேல் வெச்சு கோடு போட்டுடு" என்றார். "கீழ ஒரு எழுத்தும் மாத்தாத."