பதினோரு வெள்ளை

துணியைக் கையில் வாங்கியதும் நூலக்கா கடைவாசலுக்கு வந்துவிடுவார். குழல்விளக்கின் கீழ் நிறம் பார்க்கமாட்டார். "உள்ள பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். வெளிய வந்தாத்தான் சாயம் வெளுக்கும்" என்பார். பிறகு உள்ளே போய், சீட்டைப் பார்க்காமலே சரியான நூல்கண்டை எடுத்து வருவார். கடையில் நூற்று நாற்பத்திரண்டு நிறங்கள். வெள்ளை மட்டும் பதினொன்று. நான் எண்ணியபோது பன்னிரண்டு வந்தது. "அது வெள்ளை இல்லைங்கய்யா, அழுக்கு" என்றார்.

வயது ஐம்பத்தொன்பது. 'நூலக்கா' தையற்காரர்கள் வைத்த பெயர். அவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். போன ஆண்டு மேல்தட்டிலிருந்து பெட்டி இறக்கும்போது முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியது. எலும்புப்புரை என்று டாக்டர் வாரம் ஒரு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நூலக்கா உட்காரவும் மாட்டார். நின்றபடியே நூல் அடுக்குவார்.

"நிக்கறதுக்கு மாத்திரையாக்கா? மாமியார் வந்தாலே நான் மணிக்கணக்கா நிப்பேனே" என்று பக்கத்துக் கடைத் தையற்காரர் சீண்டுவார்.

பதினான்காவது மாத்திரைக்கு அடுத்த புதன்கிழமை, கண்ணாடி முன் நின்று கண்ணின் வெள்ளையருகே மூன்றாம் எண் வெள்ளை நூலைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். பொருந்தவில்லை. ஆறாம் எண், மஞ்சள் கலந்த தந்த வெள்ளை, பொருந்தியது.

"உனக்கு எதைப் பார்த்தாலும் நூல்தான்க்கா" என்றார் அவர் தங்கை.

டாக்டரும் குழல்விளக்கடியில் இமையை இழுத்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கும்மா?" என்றார்.

"வாசலுக்கு வாங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். வெயிலில் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நாற்பதுக்குள் இருக்க வேண்டிய ஈரல் நொதி இருநூற்றுப் பதினான்கு இருந்தது. வேறு காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார்கள். "அபூர்வந்தான், ஆனா இந்த மாத்திரையாலயும் வரலாம்" என்று டாக்டர் அதை நிறுத்தினார். மூன்றாம் வாரம் தொண்ணூற்றேழு. ஏழாம் வாரம் முப்பத்தெட்டு. எதிர்வீட்டுக்காரன் என்பதால் பரிசோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைப்பது என் வேலை.

அந்த ஏழு வாரமும் மேல்தட்டுப் பெட்டிகளைப் பக்கத்துக் கடைத் தையற்காரரே இறக்கிக் கொடுத்தார். அப்போதெல்லாம் நூலக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"போதும்க்கா, இனி எந்த மருந்தும் வேணாம். ஈரல் தப்பிச்சதே பெருசு" என்றார் தங்கை.

"ஈரல் தப்பிச்சுது. முதுகு என்னடி பாவம் பண்ணுச்சு? இன்னொரு கணு நொறுங்கினா என்னைக் கடையில பொம்மையாட்டம் உக்கார வெப்பியா?"

"மறுபடி மஞ்சளானா?"

"மஞ்சளானா நிறுத்துவோம். முதல்ல கண்டுபிடிச்சது யாரு, நீயா?"

சென்ற திங்கட்கிழமை மூவருமாக டாக்டரிடம் போனோம். வேறு வகை மருந்து இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்றார். அதன்பிறகும் சில மாதங்கள் ரத்தப் பரிசோதனை செய்து ஈரலைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பேசி அடுத்த வாரம் முடிவு சொன்னால் போதும் என்றார். தங்கை என்னைப் பார்த்தார். நான் தேதி குறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நூலக்கா நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரவிக்கையின் இடது கையைத் தோள்வரை சுருட்டியிருந்தார்.