வாப்பா தேர்ந்தெடுத்த பல்

நாக்கு நுனியில் ஏதோ குத்தியது. கீழ்வரிசை முன்பல்லுக்குப் பின்னால், ஈறைக் கிழித்துக்கொண்டு அரிசிக் குருணை போல ஒன்று தலைகாட்டியிருந்தது. அப்போது எனக்கு ஏழு வயது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், அக்குறணையில் எங்கள் வீடு. இருக்கிற பல் விழாமலே அதன் பின்னால் இன்னொன்று! யாருக்கும் இல்லாதது எனக்கு இருக்கிறது என்ற மிதப்பில், தெருவில் நான் வாயைத் திறந்து காட்டாத ஆளில்லை.

அந்த மிதப்பை அடக்கியவர் என் மாமா. உம்மாவின் நானாவான அவர் கண்டியில் புடைவைக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் வந்தவர் என் வாயைப் பார்த்துவிட்டு, இது "கோணப்பல்", வளரவிட்டால் முகமே கெட்டுவிடும், பிறகு எவன் வந்து பெண் கேட்பான் என்று உம்மாவைக் கலக்கிவிட்டார். கையோடு "ஒஸ்தா"வுக்கும் ஆள் அனுப்பினார். முடிவெட்டுவது, சுன்னத் எனும் கத்னா செய்வது, பல் பிடுங்குவது எல்லாம் எங்கள் ஊரில் ஒஸ்தாவின் வேலைதான். அவர் பல் பிடுங்கும் குறட்டைச் சுடுநீரில் போட்டுவிட்டு, புதிதாக முளைத்ததையே குறிவைத்து உட்கார்ந்தார். நான் உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினேன்.

அந்த நேரம் பார்த்து வாப்பா வந்து சேர்ந்தார். வாப்பா மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று அதன் வயதை அவர் சொல்லிவிட்டால் வாங்குகிறவனும் விற்கிறவனும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மாமாவுக்கு மட்டும் அந்தத் தொழில் கேவலம். அவர் எதிரில் வாப்பா கதிரையின் நுனியில்தான் உட்காருவார், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

வாப்பா கை கழுவிக்கொண்டு வந்து, என் கீழுதட்டைப் பெருவிரலால் மடக்கிப் பிடித்தார். கழுவியும் அந்த விரலில் வைக்கோல் வாசம் போகவில்லை.

"மச்சான், இது மாடில்ல, எங்கட புள்ள" என்றார் மாமா.

வாப்பா திரும்பியும் பார்க்கவில்லை. "ஒஸ்தா, குறட்டக் கீழ வைங்க. பின்னால ஈக்கிறதுதான் நெலக்கிற பல்லு. ஓரத்தப் பாருங்க, அரம் மாதிரி ஈக்கி. முன்னுக்கு ஈக்கிறது பால்பல்லு. மாறி எடுத்தா புள்ளக்கி அந்த எடத்துல ஆயுசுக்கும் பல்லு வராது."

ஒஸ்தா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, தரகர் சொல்வதே சரி என்று குறட்டைத் துணியில் சுற்றிவிட்டார். பால்பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு விரலால் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். மாமா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். சில மாதங்களில் பின்பல் தானாக முன்னுக்கு வந்து நேராக நின்றுகொண்டது.

அடுத்த வருடம் மாமா தன் மகளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார், வாப்பாவிடம் பல்லைக் காட்டுவதற்கு. கண்டியில் அத்தனை டொக்டர்மார் இருக்க, எங்கள் வீடு தேடி வந்தார். அன்று வாப்பா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாட்டுச் சந்தை இருந்த இடத்தில் இப்போது கடைகள். வாப்பா இல்லை, மாமா இல்லை, என் வாயிலும் அந்த ஒரு பல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. போன கிழமை அதுவும் ஆடத் தொடங்கி, கண்டியில் பல் டொக்டரிடம் போனேன். சின்னப் பெண். எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"எடுங்க மகள்" என்றேன். "ஆனா மெதுவா எடுங்க. இது என்ட வாப்பா தெரிஞ்செடுத்த பல்லு. அவர் மாட்டுத் தரகர்."