அச்சன் மியான் தைத்த கோட்டு

அச்சன் மியான், அன்று விஷவாயுவைக் கசியவிட்ட கம்பெனிக்காரர்களின் ஆள் என்று போபால் காஜி கேம்ப் சந்தில் ஒரு வதந்தி. ஆதாரம் இரண்டு. வாயு கசிந்த நாளான டிசம்பர் மூன்றாம் தேதி ஊர்வலத்தில் கொளுத்துகிற கம்பெனித் துரையின் கொடும்பாவியை வருஷாவருஷம் செய்கிற தையற்காரர் அவர்தான். ஆனால் தீப்பந்தம் அதை நெருங்கும்போது மனிதர் அங்கே இருப்பதில்லை. இரண்டாவது, கோட்டு. எரியப்போகிற வைக்கோல் பொம்மைக்கு எவனாவது உள்துணி கொடுத்து, மூன்று பொத்தான் வைத்து, கால்சட்டைக்கு இஸ்திரி மடிப்பும் எடுப்பானா?

"நாம கொளுத்தறதுக்குக் கேட்டா இவரு நிக்காஹுக்கு அனுப்பறாரு," என்கிறாள் ஜம்னா பாய். விஷவாயுவில் புருஷனையும் ஒரு கண்ணையும் பறிகொடுத்தவள். பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்துக்குத் தலைவி.

விசாரிக்கப் போனால், கழுத்தில் அளவுநாடாவும் கடைவாயில் வெற்றிலையுமாக நிமிர்கிறார் மியான். யார் வந்தாலும் அவருக்குக் 'கான்'தான். எழுபது தாண்டிய ஒல்லி உடம்பு.

"கேளுங்க கான், துரைன்னா துரை மாதிரி இருக்கணும். கோணக் கோட்டோட எரிச்சா, எரியறது யாருன்னு அவனுக்கே தெரியாது. என் கடைப் பேரு என்னாவறது?"

வாயு உங்களை என்ன செய்தது என்றால் மார்பைத் தட்டுவார். "என்னையா? என்னைப் பார்த்து அதுதான் இருமிட்டுப் போச்சு!" சந்தில் இருமாதவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களை இருட்டில்கூட இருமலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

கடையில் அரை மணி உட்கார்ந்தால் ஒன்று கண்ணில் படும். பேச்சின் நடுவே திடீரென்று குனிந்து மிஷினைக் கடகடவென்று மிதிப்பார். ஊசி பறக்கும், ஊசிக்கடியில் துணி இருக்காது. நிமிரும்போது கண் சிவந்திருக்கும். "நூல் சிக்கிடுச்சு," என்பார். பக்கத்து வீட்டு அடுப்பு புகைந்தால் நூல் அதிகம் சிக்கும். பீடியோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திக் கண்ணால் அளவெடுத்து அனுப்பிவிடுவார்.

தன் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் ஆரம்பித்தது, இந்த இருமாத பெருமை. வாயு பட்ட வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? இன்று அந்தப் பெண்களே மருமகள் தேடுகிறார்கள். பெருமையைத்தான் எங்கும் கட்டிக்கொடுக்க முடியவில்லை.

இந்த வருஷம் ஜம்னா பாய் தீர்மானமே போட்டுவிட்டாள். பந்தத்தை மியானே வைக்க வேண்டும். மாட்டேன் என்றால் அடுத்த வருஷம் முதல் கொடும்பாவியை தசராவுக்கு ராவணன் பொம்மை செய்கிற கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

"அவங்க செஞ்சா துரைக்குப் பத்துத் தலை வந்துடும் ஆப்பா," என்று அக்கா முறை வைத்துச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

மூன்றாம் தேதி, கம்பெனியின் பழைய ஆலைச் சுவரோரம், பந்தம் கைக்கு வந்தது. அச்சன் மியான் ஓரடி வைத்தார். துரையின் டை கோணலாக இருப்பதாகப் பட்டது, சரிசெய்தார். மேல் பொத்தானைப் போட்டார். தோளில் தூசி தட்டினார்.

"முத்தமும் குடுத்துடுங்க மியான்!" என்று ஒருத்தி கத்த, கூட்டம் கெக்கலித்தது.

காற்று திரும்பியது. பந்தத்தின் புகை முகத்தில் அடித்தது. அவர் வலது கால் தரையை இரண்டு தடவை மிதித்தது. அங்கே மிஷின் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய இருமல் முதுகை வில்லாக வளைத்தது. நிற்கவே இல்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த இருமலைத் தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் யாரும் கிடையாது. வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

ஜம்னா பாய் பந்தத்தைப் பிடுங்கினாள். "எத்தன வருஷமா?"

"நூல்... சிக்கி..."

"நூலாம் நூலு! வாயை மூடுங்க."

வதந்தியை முதலில் வாயால் சொன்னவள் அவள்தான். அதற்காக அவருக்கு ஒரு வார்த்தை கடன்பட்டிருக்கிறாள், இன்றுவரை தீர்க்கவில்லை. பந்தத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் தள்ளினாள். தன் சால்வையைத் தண்ணீரில் நனைத்து அவர் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி, புகைக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"பத்திக்கிச்சா?" என்றது சால்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பேன்ட்டு போயிடுச்சு. கோட்டுதான் அடம் பிடிக்குது."

அச்சன் மியான் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி, தன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக்கொண்டார்.