தக்கை ஆடுகள்

என் தங்கை எஸ்தர் குடிக்கிறாள் என்று சபை அவளுக்குத் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் நிறுத்தியது. அது பொய்யென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

சில மாதங்களுக்கு முன் கருங்கல் சந்தையில் பேனா வாங்கப் போன கடையில், ஒயின் குப்பித் தக்கைகளைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "கிராஃப்ட்டுக்குத் தாத்தா, பிள்ளையளுக்கு ஸ்கூல்ல கேக்காவ" என்றாள் கடைப்பெண். வாங்கி, வாசலிலேயே பிரித்து மோந்து பார்த்தேன். புதுத் தக்கை, மணமே இல்லை. எழுபது தாண்டியவன் நடுச்சந்தையில் தக்கை மோப்பதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். பேனாவை மறந்துவிட்டு வீடு வந்தேன்.

வாலிபத்தில் நான் கொண்டுவந்த தக்கைகளுக்கு மணம் உண்டு. வளைகுடாவில் ஒரு ஓட்டல் மதுக்கூடத்தில் கணக்கு எழுதினேன். அப்பா சபை மூப்பர், மேடை கிடைத்தால் மதுவிலக்கு பேசுகிறவர். அதனால் ஊரில் 'கம்பெனி ஆபீஸ்' என்று சொல்லி வைத்திருந்தேன். எஸ்தருக்கு மட்டும் உண்மை தெரியும். முதல் விடுமுறையில், கிறிஸ்மஸ் குடிலுக்குப் பொம்மை செய்ய அவளுக்கு ஒரு பை தக்கை கொடுத்தேன்.

"யாருட்டயும் பறையாண்டாம், கேட்டியா?"

"நான் எங்க பறையப்போறேன்? அடுத்த மட்டம் இன்னும் கொண்டு வா. ஒட்டகத்துக்குக் காணாது."

தக்கையை ஆவியில் வைத்தால்தான் உதிராமல் வெட்ட முடியும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஈர்க்குச்சிக் கால், கடுகுக் கண், இலவம்பஞ்சு ரோமம். ஒட்டுவதற்கு எங்கள் தோட்டத்து ரப்பர் பால். அந்தக் கிறிஸ்மஸ் குடிலின் ஆட்டுமந்தையைப் பார்க்கத் தெருவே வந்தது. பஞ்சுக்குள் இருப்பது தக்கை என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் திரும்பிப் போனபின், மிச்சத் தக்கைகளை அடுப்பில் ஆவி காட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை, வீட்டு ஜெபத்துக்குப் பெண்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். வீடு முழுக்க ஒயின் மணம்.

"ஏட்டி எஸ்தரு, சபைக்குத் தெரியாம என்னட்டி காய்ச்சுதா?"

பையும் கண்ணில் பட்டது. எங்கிருந்து வந்தது என்றார்கள். எனக்குக் கொடுத்த வாக்குக்காக அவள் வாய் திறக்கவில்லை.

அப்பா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "லே மக்கா, இந்தக் குப்பி அடைப்பு நீ கொண்டுவந்ததா? ஆமான்னு சொல்லு, போதும். கமிட்டியில நான் பேசிக்கிடுவேன்."

கெஞ்சினார். அவர் கெஞ்சி அன்றுதான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

திருவிருந்து நின்றது. பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றது. அந்தப் போனைப் பற்றி அவளிடம் சொல்லாமலே அப்பா இறந்தார். நான் ஊர் வந்தபோது, தக்கையால் வந்த வினை என்று அறியாதவன்போல் இருந்தேன். "இந்த வருசம் குடில் இல்லண்ணே, நேரமில்ல" என்று அவளும் முடித்துக்கொண்டாள். சபைமுன் மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். செய்யாததற்கு அவள் கேட்கவில்லை. வருடக்கணக்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, திருவிருந்து தொடங்கும்முன் எழுந்து போய்விடுவாள்.

கருங்கல் போய்வந்த மறு ஞாயிறு, ஆராதனையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவின் போன் உட்பட. குற்றம் சாட்டியவர்களில் ஒருவரும் உயிரோடில்லை. புதிதாக வந்த இளம் போதகர் என் தோளைத் தட்டினார். "விடுங்க ஐயா, இப்பம் அதெல்லாம் யாரு பாக்கா?" நான் திரும்பிப் பார்த்தேன். எஸ்தர் போயிருந்தாள்.

அவள் வீட்டு வாசலில்தான் பிடித்தேன்.

"அப்பா உனக்குப் போன் பண்ணினாவளா?"

"ஆமா."

"அந்தத் தக்கையாலதான்னு உனக்குத் தெரியாதுன்னுல்லா நான் இருந்தேன். தெரிஞ்சிருந்தா எனக்க அண்ணன் சொல்லியிருப்பான்னு…"

கதவைச் சாத்திவிட்டாள். அதன்பின் எனக்கு அது திறக்கவில்லை. ஆலயத்துக்கும் அவள் வருவதில்லை.

இப்போது திருவிருந்தில் குப்பியே கிடையாது. பழரசத்தைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களில் ஊற்றித் தட்டில் கொண்டுவருகிறார்கள். கடைசி பெஞ்சில் நான் உட்காருகிறேன். தட்டு நெருங்கும்முன் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.