மாந்தைக்காக ஒரு சண்டை

என் மனுசனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் இன்றுதான் எங்கள் நொய்கெல்ன் பகுதியில் லெபனான்காரரின் மரக்கறிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சூர் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். சனிக்கிழமைகளில் அவரும் என் மனுசனும் டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில், பழங்காலச் சண்டை போடுவார்கள்.

“எங்கட பீனிசியர்தான் முதல் கப்பல்காரர். கடல் நத்தையில ஊதாச் சாயம் எடுத்து ராசாமாருக்கு வித்த சனம்” என்பார் அவர்.

“அந்த ஊதாவை உடுத்துக்கொண்டு மிளகு வாங்க எங்கட மன்னார் மாந்தைத் துறைக்குத்தானே வந்திருப்பினம்” என்பார் இவர்.

கடைசியில் அழிந்த கதைக்கு வருவார்கள். அப்போது தீவாயிருந்த சூருக்கு எதிரி கடலையே நிரப்பிப் பாதை போட்டு வந்தானாம். மாந்தைக்குக் கப்பல்கள் வராமலே போய், துறை மண்மேடாகிவிட்டது. யாருடைய அழிவு பெரிது என்று அதிலும் போட்டி. நான் பையோடு நின்று, “பஸ் வருகுது, வாங்கோ” என்பேன்.

இவர் போய்விட்டார் என்று இன்று சொன்னேன்.

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “அவர் சொன்னதுதான் சரி. மாந்தைதான் பெரிசு” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் இருந்திருந்தால் கடைக்காரர் இவ்வளவு லேசில் விட்டுக்கொடுத்திருப்பாரா?

“இல்லை, நீங்கள் சண்டை பிடியுங்கோ. அவருக்காக நான் நிக்கிறன்” என்றேன்.

“அப்ப சொல்லுங்கோ, மாந்தையில என்ன இருந்தது?”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடமும் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாந்தை பற்றித் தெரிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கோ. எனக்கு விளங்குகிற மாதிரி எழுதுங்கோ. வாற சனிக்கிழமைச் சண்டையில் இவர் தோற்கக் கூடாது.