வீட்டுக்காரர் வாங்கித் தராத நீலக் கோட்டு

அந்தச் சலவைக்கடையில் இருபத்தாறு வருஷமாக இஸ்திரி போடுகிறவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டுக்கு இஸ்திரி போட்டு முடித்தால் தானே அதை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் போய் நிற்பாள். தொங்குகிற கோட்டெல்லாம் யோக்கியமாகத்தான் இருக்கும், ஆள் உள்ளே புகுந்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும் என்பாள். வாடிக்கையாளர் துணி உடம்பில் ஏறினால் வேலை போச்சு என்று கடைக்காரர் இரண்டு தரம் சொல்லியாயிற்று. கேட்டால்தானே?

அன்றைக்கு ஒரு நீலக் கோட்டோடு நின்றபோது கேமராவும் கையுமாக ஒரு பெண் வந்தாள். தெருவில் போகிறவர்களைப் படம் எடுத்து, அவர்கள் கதையோடு சேர்த்து இணையத்தில் போடுகிறவள். கோட்டு அழகாயிருக்கே, யார் வாங்கித் தந்தது என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் வேலைக்கு வேட்டு. எங்க வீட்டுக்காரர்தான், கல்யாண நாளுக்குக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினார் என்று அளந்துவிட்டாள் பெரியக்கா.

அந்த வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முப்பது வருஷத்தில் ஒரு கைக்குட்டை வாங்கித் தந்தவரில்லை. மறுநாள் இணையத்தில் படத்தைப் பார்த்துவிட்டு டிப்போவில் ஆளாளுக்கு அவர் முதுகைத் தட்ட, மனுஷன் நேரே கடைக்கு ஓடிவந்து, நான் எப்போது வாங்கினேன் என்று ரகசியமாக விசாரித்தார். வந்த பேரை வாங்கிக்கொண்டு பேசாமல் போகச் சொல்லி விரட்டினாள்.

அவர் தலை மறைந்ததும், கோட்டுக்குச் சொந்தக்கார வக்கீலம்மா ஒரு கையில் ரசீதும் மறு கையில் போனுமாக வந்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் அலைஞ்சு திரிஞ்சு வாங்கின கோட்டுக்கு என் பேர்ல ரசீது இருக்கே, எப்படிக்கா?"

கடைக்காரர் எழுந்தேவிட்டார். ஆனாலும் பெரியக்காவுக்குப் பணிந்து பேச நாக்கு வரவில்லை.

"பொய் சொன்னது தப்புதாம்மா. போட்டுப் பார்த்தது தப்பில்ல. வலது தோளுக்குள்ள வச்சிருக்கிற பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடந்துது. பிரிச்சு நிரவித் தச்சிருக்கேன். மாட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

வக்கீலம்மா மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். அஞ்சு வருஷமாக என் தோள்தான் கோணல் என்று நினைத்தேனே என்று சிரித்துவிட்டார். இந்த அக்கா போனால் என் துணியும் போகும் என்று கடைக்காரரிடம் கறாராகச் சொன்னார். கேமராப் பெண்ணை வரவழைத்து உண்மைக் கதையைப் போடவைத்ததும் அவர்தான்.

அதைப் படித்துவிட்டு, என் கோட்டையும் போட்டுப் பார்த்தே கொடுங்கள் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தர் கொண்டுவந்த கோட்டுக்குள் பெரியக்கா மாதிரி இரண்டு பேர் குடித்தனம் நடத்தலாம். அதற்குத் தோதான உடம்பு கடையில் ஒன்றுதான் இருந்தது.

"கையைத் தொங்கப் போடுங்க. தொப்பையை எக்காதீங்க," என்று அவள் அதட்ட, கடைக்காரர் வாசலில் போய் நின்றார்.