மொட்டை மாடியில் நாயைக் குளிப்பாட்டிய கதை

திருப்பூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் வரும், ஆனால் உப்பு. சோப்பு நுரைக்காது, காய்ந்த பிறகு பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும். நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் வரும். எங்கள் பங்கு பத்துக் குடம். குடிக்க ஐந்து, சமைக்க மூன்று, மீதி இரண்டு அவசரத்துக்கு. இந்தக் கணக்கில் நாய்க்கு இடம் இல்லாததால் அதை உப்புத் தண்ணீரில்தான் குளிப்பாட்டி வந்தோம்.

நாய் வெள்ளை. பொமரேனியன் என்று சொல்லி யாரோ மகனுக்குக் கொடுத்தது. வளர வளரக் காலும் வாலும் தெருநாய் போல நீண்டுகொண்டே போயின. மகன் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுச் சென்னைக்குப் போனபோது நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். பிறகு வீட்டில் நான், மனைவி, நாய். என் மனைவி நாயோடு பேசியதில் பாதிகூட என்னோடு பேசவில்லை. ஒரு நாள் காலையில் எண்ணத் தொடங்கி, பத்து மணிக்கே விட்டுவிட்டேன்.

உப்புத் தண்ணீரும் நாங்கள் தேய்த்துக் குளிக்கும் சோப்பும் சேர்ந்து நாய்க்கு அரிப்பைக் கொடுத்தன. சொறிந்த இடங்களில் நீர் கசிந்து நாற்றம் எடுத்தது. படிக்கட்டு எல்லோருக்கும் பொது. ஒரு வியாழக்கிழமை, கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏனுங்ணா, ஞாயித்துக்கெழமை எம் பொண்ணப் பாக்க வர்றாங்க. அத்தன பேரு உக்கார ஊட்டுக்குள்ள எடமில்லீங்க, மொட்ட மாடிலதான் சேர் போடோணும். இந்தப் படியேறித்தான வருவாங்க?"

"குளிப்பாட்டிடறோம் அம்மிணி."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. இந்தத் தடவையும் நாத்தமடிச்சா, பொங்கலூர்ல எங்கண்ணன் கோழிப்பண்ணைக்கு அனுப்பிச்சுடலாங்க. காவலுக்கு ஒரு நாய் வேணும்னு கேட்டுட்டே இருக்கறாங்க."

அவர் இறங்கிய பிறகு மனைவி சொன்னாள்: "அங்க சங்கிலில கட்டிப் போடுவாங்க. இது போச்சுன்னா நானும் கூடப் போய் அங்கயே கோழிக்குத் தண்ணி வெச்சுக்கறேன், நீங்க ஒத்தையில இருந்துக்கங்க." சிரிக்காமல் சொன்னாள்.

அதுவரை குளியல் என்பது பாத்ரூமில் நடந்த மல்லுக்கட்டு. கதவைச் சாத்தி, இருவரும் பிடித்து, மக்கில் மொண்டு தலையில் ஊற்றுவோம். நாய் டைல்ஸ் தரையில் கால் வழுக்கிப் பிறாண்டும், உதறும். சுவர், என் கண்ணாடி, கூரையில் இருந்த பல்பு என எல்லாம் நனையும். நாய் தண்ணீருக்குப் பயப்படுகிறது என்றே நினைத்திருந்தேன். ஆனால் மழை பெய்த நாளில் தெருவில் தேங்கிய தண்ணீரில் அது சாவகாசமாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அதன் பயம் தரையின் மேல். கால் நிற்காத இடத்தில் யாரும்தான் திமிறுவார்கள்.

சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் ஒரு கோணிச் சாக்கை நனைத்து விரித்தோம். வெயிலில் இரண்டு பக்கெட் உப்புத் தண்ணீரை வைத்து வெதுவெதுப்பாக்கினோம். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்துவிடுமோ என்று எனக்குக் கவலை. நாயின் கயிற்றைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினேன். காதில் பஞ்சு வைத்தோம். மக்கை எடுக்கவே இல்லை. துணியை நனைத்து, பின்னங்காலில் தொடங்கி மெதுவாக முதுகு வரை பிழிந்துவிட்டாள் மனைவி. முகத்தைக் கடைசியில் துடைத்தாள். நாய் சாக்கில் நகத்தை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தபடி ஷாம்பு கொஞ்சம்தான் போட்டோம். கடைசியாக அலச மட்டும் நல்ல தண்ணீர். அவசரத்துக்கு வைத்திருந்த இரண்டு குடமும் அதில் தீர்ந்தன.

மீதி இருந்தது உதறல். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் பனியன் துணித் துண்டுகள் ஒரு மூட்டை கிடக்கும். கை துடைக்க, சைக்கிள் துடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வெள்ளைத் துண்டுக்கு வேஸ்ட் குடோனில் நல்ல விலை என்பதால் வீட்டுக்கு வருவதெல்லாம் கலர்தான். மூட்டையிலிருந்து ஒரு மெரூன் துணியை எடுத்தோம். பின்னும் மிஷினிலிருந்து இறங்கியபடி குழாய் வடிவத்தில் இருந்தது. முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, தலை வழியாக மாட்டிவிட்டோம். நாய் உதறப் பார்த்தது. துணி உடம்போடு ஒட்டிக்கொண்டதால் ஒரு சொட்டும் தெறிக்கவில்லை. சளி பிடித்துவிடும் என்று பயந்து, காயும்வரை கழற்ற வேண்டாம் என்றேன். மனைவியும் சரி என்றாள். ஒரு மணி நேரம் வெயிலில் உட்காரவைத்தோம்.

கழற்றினால், கழுத்திலிருந்து இடுப்புவரை ரோஸ்.

"ஐயோ, ஏனுங்க, உடம்பெல்லாம் செவந்து போச்சு! புண்ணாயிருச்சுங்களா?"

"புண்ணில்ல. சாயம் எறங்கிருச்சு."

அவள் துணியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். மறுபடி அலச நல்ல தண்ணீர் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றினால் அரிப்பு திரும்பும். முகர்ந்து பார்த்தேன். நாற்றம் சுத்தமாக இல்லை. அம்மாள் பேசியது நாற்றத்தைப் பற்றி மட்டும்தான், நிறத்தைப் பற்றி அல்ல என்று சமாதானம் சொன்னேன்.

ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் வந்தார்கள். நாயை உள்ளே பூட்டி வைத்திருந்தோம். சேர் பற்றவில்லை என்று கீழிருந்து குரல் வர, மனைவி எங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். நாய் அவள் காலுக்கிடையில் நுழைந்து வெளியே போய்ப் படிக்கட்டின் நடுவில் நின்றது. ஏறி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பின்னால் வீட்டுக்கார அம்மாள், கையில் பலகாரத் தட்டோடு.

முன்னால் வந்த பெரியவர் மாப்பிள்ளையின் மாமா. சாயப்பட்டறை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்தப் பட்டறைல போட்ட கலருங்க?"

"சாயம் நிக்கறதுக்குப் பிக்சிங் பண்ணாம எறக்கிட்டாங்களாட்ட இருக்குதுங்க மாமா" என்றார் பின்னால் ஒருவர்.

"கடிக்குங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா பின்வாங்கினார்.

"கடிச்சா சாயம்தான் ஒட்டும். ஊசி வேண்டாமுங்க, சோடா போட்டு அலசினாப் போதும்" என்றார் மாமா.

மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவினார். தடவிவிட்டு உள்ளங்கையைத் திருப்பி, கலர் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை, துணியைத் தேய்த்துப் பார்க்கும் பழக்கம். எல்லோரும் சிரித்துக்கொண்டே மேலே போனார்கள். வீட்டுக்கார அம்மாள் சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்தபடியே கடந்து போனார்.

அவர்கள் கிளம்பிப் போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மனைவி அதற்குள் பொங்கலூருக்கென்று நாயின் தட்டையும் கயிற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். அம்மாள் எங்கள் நாற்காலியைக் கொடுக்க வந்தபோது அந்தப் பை வாசலருகில்தான் இருந்தது.

"என்ன சொன்னாங்க அம்மிணி?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்குன்னுட்டாங்க. பாதி நேரம் உங்க நாயப் பத்தித்தானுங்க பேச்சு. மாப்பளையோட அம்மா, அந்தச் செவப்பு நாய் உங்க ஊட்டுதுங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க ஊட்டுதுதாங்கன்னு சொல்லிப் போட்டேன்."

குனிந்து நாயின் கழுத்தை முகர்ந்தார். பையைப் பார்த்தார். அதைப் பற்றி எதுவும் கேட்காமல் படியிறங்கினார். நாய் அவர் பின்னாலேயே இறங்கியது. நான் நாயைக் கூப்பிட்டேன்.

"வரட்டும் உடுங்ணா" என்றார், திரும்பாமல். "கீழ பலகாரம் மீதி கெடக்குது."